மகளுக்குச் சொல்லாமல் விட்ட கதை

பெண் பிள்ளைகள் துணிவும் தன்மானமும் உள்ளவர்களாக வளர வேண்டும் என்று விரும்பாத பெற்றோர் இல்லை. அதற்காக நல்ல பள்ளியைத் தேடுகிறோம், மேற்படிப்புக்குச் சேமிக்கிறோம், வேளைதோறும் அறிவுரை கூறுகிறோம். ஆனால், அவர்களுக்கு முன் இக்குடும்பத்தில் வாழ்ந்த பெண்கள் எவற்றை எதிர்கொண்டார்கள், எங்கே வென்றார்கள், எங்கே தோற்றார்கள் என்பதை மகளை அருகில் அமர்த்திச் சொல்லியிருக்கிறோமா? பெரும்பாலான வீடுகளில் இதற்கு விடை மௌனமே. துன்பமான செய்திகளைப் பிள்ளைகளின் காதில் போடக் கூடாது என்னும் அன்பே அந்த மௌனத்துக்குக் காரணம். அந்த அன்பு மகளுக்கு நன்மை செய்கிறதா என்பதே இங்கு நாம் எழுப்பும் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட, அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்களின் குடும்ப வாழ்வு நமக்குப் பெரிதும் உதவுகிறது. மெக்சிகோ, புவர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர் முதலிய நாடுகளில் வேர்கொண்ட இம்மக்களின் தொகை, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6 கோடியே 21 லட்சம். ஆண், பெண் என்னும் பாகுபாடின்றி அனைவரையும் குறிக்க ‘லத்தினெக்ஸ்’ என்ற புதுச்சொல்லும் அண்மைக்காலத்தில் வழங்கிவருகிறது. வேற்று மொழி ஆளும் நாட்டில், வயல்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து, ஏளனத்தையும் ஒதுக்குதலையும் சந்தித்தவர்கள் இவர்களில் பலர். பணமும் பட்டமும் இல்லாத அந்தப் பெற்றோர் தம் மகள்களுக்குக் கொடுத்த முதல் சீதனம் கதைதான்.

உணவு மேசையில் ஒரு பள்ளிக்கூடம்

ஸ்பானிய மொழியில் ‘சோப்ரெமேசா’ என்றொரு சொல் உண்டு. உண்டு முடித்த பின்னரும் எழுந்து செல்லாமல், மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் பொழுதுக்கு அப்பெயர். நம் இல்லங்களில் உம்மம்மா என்றும் வாப்பும்மா என்றும் நன்னி என்றும் அழைக்கப்படுபவர் அங்கே ‘அபுவெலா’. அவருடைய இளமைக்கால ஊரும், கடந்துவந்த எல்லையும், வறுமையும், திருமணமும், இழப்பும் அந்தப் பொழுதில்தான் பேச்சில் வரும்.

அப்பேச்சுக்குப் பல வடிவங்கள் உண்டு. ‘குவெந்தோ’ என்பது கதை. ‘திச்சோ’ என்பது பழமொழி: நீ யாருடன் நடக்கிறாய் என்று சொல், நீ யார் என்று நான் சொல்கிறேன் என்பது அவற்றுள் ஒன்று. ‘கொன்செஹோ’ என்பது அறிவுரை. ஆனால் வெறும் கட்டளை அன்று. சொல்பவர் தம் வாழ்வில் பட்டதை எடுத்துக்காட்டி, ‘இதனால்தான் உனக்கு இதைச் சொல்கிறேன்’ என்று விளக்குவது அது. ‘படி’ என்று மகளிடம் சொல்வது கட்டளை. எத்தனை வயதில், எந்தக் காரணத்தால் தன் படிப்பு நின்றது, அதன்பின் முதலாளி நீட்டிய தாளில் என்ன எழுதியிருந்தது என்று அறியாமலே கையெழுத்திட்டது எப்படி என்று ஒரு தாய் சொல்லிவிட்டு, ‘ஆகவே, நீ படி’ என்பது கொன்செஹோ.

கல்வி மானிடவியல் அறிஞர் கோன்சா டெல்காடோ கைத்தான், கலிபோர்னியாவில் குடியேறிய மெக்சிகோக் குடும்பங்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்து, இந்தக் கொன்செஹோ பற்றி 1994இல் எழுதினார். அதிகம் பள்ளி செல்லாத பெற்றோர்கூட, தம் வாழ்க்கை அனுபவத்தையே பாடமாக்கிப் பிள்ளைகளைக் கல்வியை நோக்கிச் செலுத்துவதை அவர் பதிவுசெய்தார். இந்தப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று பள்ளிகள் எண்ணிவந்த காலத்தில் அது முக்கியமான பதிவு. பாடப் புத்தகத்தை விளக்க இயலாத தாய், ஏன் படிக்க வேண்டும் என்பதை எவரினும் தெளிவாக விளக்க முடிந்தது.

பாட்டியின் கதை நூலகம் ஏறியது

பூரா பெல்ப்ரே என்பவர் புவர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். தம் பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர். 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில் பணியில் சேர்ந்தபோது, அங்கே அப்பணியில் அமர்ந்த முதல் புவர்ட்டோ ரிக்கர் அவரே. குழந்தைகள் பகுதியில் பல நாட்டுக் கதைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவர் பாட்டி சொன்ன கதைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. அந்த இடைவெளியைக் கண்டு அவர் வருந்தி நின்றுவிடவில்லை. தாம் கேட்ட கதைகளைத் தம் நினைவிலிருந்தே நூலகத்தில் சிறுவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். மார்த்தினா என்னும் கரப்பான்பூச்சியும் பெரேஸ் என்னும் எலியும் வரும் கதை 1932இல் நூலாக வெளிவந்தது. குடியேறிகளின் பிள்ளைகள் தம் மொழியிலேயே நூலகத்தில் கதை கேட்டனர். அவர் பெயரால் 1996 முதல் லத்தீனோ எழுத்தாளர்களின் சிறுவர் நூல்களுக்கு விருது வழங்கப்படுகிறது.

சமையலறையில் சொல்லப்பட்ட கதையை ஒரு பெண் இழிவாகக் கருதாமல் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததன் விளைவு இது. தன் பாட்டி பேசியது மதிப்புள்ளது என்று நம்பிய பெண்ணுக்குத் தன் பேச்சும் மதிப்புள்ளது என்று நம்புவது எளிதாயிற்று.

விவசாயத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் அமைத்தவர்களுள் ஒருவரான தொலோரஸ் உவெர்த்தாவின் இளமையிலும் இதைக் காணலாம். சிறுமியாக இருந்தபோது ஓயாமல் பேசிய அவரை, அவருடைய பாட்டனார் ‘ஏழு நாக்குக்காரி’ என்று செல்லமாக அழைத்தார். தாய் அலீசியா, கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் விடுதி நடத்தி, ஏழைத் தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகைக்கும் சில வேளைகளில் வாடகையின்றியும் அறை கொடுத்தார். மகன்களுக்கு மகள் பணிவிடை செய்ய வேண்டும் என்னும் வழக்கம் அவர் வீட்டில் இல்லை. வாய் அடங்காத பெண் என்று கடியாமல், ஏழு நாக்கு என்று கொஞ்சிய வீட்டிலிருந்துதான் முதலாளிகளுடன் பேச்சுவார்த்தை நடத்திய பெண் புறப்பட்டார். குடும்பம் ஒரு பெண் குழந்தைக்கு வைக்கும் செல்லப்பெயர்கூட அவளைப் பற்றிய ஒரு சிறுகதைதான். அக்கதையில் அவள் தொல்லையா, பெருமையா என்பதை நாம் தீர்மானிக்கிறோம்.

விளையாட்டுத் திடலுக்காக அன்று

குடும்பக் கதை எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை மெந்தெஸ் குடும்பத்தின் வரலாறு காட்டுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊரில் நடந்தது இது. தந்தை கொன்சாலோ மெக்சிகோவைச் சேர்ந்தவர். தாய் பெலீசித்தாஸ் புவர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். போரின்போது முகாமுக்கு அனுப்பப்பட்ட ஜப்பானிய அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவர்கள் பயிர்செய்தனர். அத்தை ஒருவர், தம் பிள்ளைகளையும் மெந்தெஸ் பிள்ளைகளையும் அருகிலிருந்த பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றார். நிறம் வெளுத்த, பிரெஞ்சுப் பெயர் போல் ஒலிக்கும் குடும்பப் பெயர் கொண்ட அத்தையின் பிள்ளைகளைப் பள்ளி ஏற்றுக்கொண்டது. கருமை நிறமும் மெக்சிகோப் பெயரும் கொண்ட சில்வியாவும் அவள் தம்பிமாரும் ‘மெக்சிகோப் பள்ளிக்கு’ப் போகுமாறு சொல்லப்பட்டனர். அத்தை எந்தப் பிள்ளையையும் சேர்க்காமல் திரும்பிவிட்டார்.

1945இல் மெந்தெஸ் குடும்பமும் வேறு நான்கு குடும்பங்களும் நான்கு பள்ளி மாவட்டங்கள்மீது வழக்குத் தொடுத்தன. தந்தை வழக்குக்காக ஊர் ஊராக அலைந்தபோது, தாய் பண்ணையை நடத்தினார். 1946இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகள் முன்பே இது நிகழ்ந்தது.

நம் கவனத்துக்குரியது அதன்பின் வீட்டில் நடந்த உரையாடல். நீதிமன்றத்துக்குப் பெற்றோருடன் சென்ற சிறுமி சில்வியா, அழகான விளையாட்டுத் திடல் உள்ள பள்ளிக்காகவே தம் பெற்றோர் போராடுகிறார்கள் என்று எண்ணியிருந்தார். அப்பள்ளியில் சேர்ந்த தொடக்கத்தில் ஒரு சிறுவன் ‘மெக்சிகர்களுக்கு இங்கே இடமில்லை’ என்று இழிவுபடுத்த, அவர் அழுதுகொண்டே வீடு திரும்பினார். இனி அப்பள்ளிக்குப் போகமாட்டேன் என்றார். அப்போது தாய் மகளிடம் நாங்கள் எதற்காகப் போராடினோம் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டு, திடலுக்காக அன்று, நீயும் அந்தச் சிறுவனும் சமம் என்பதற்காகவே போராடினோம் என்று விளக்கினார். சில்வியா மறுநாள் பள்ளிக்குச் சென்றார். இந்நிகழ்வை அவரே பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லிவந்தார்.

வழக்கில் வென்றது சட்டப்படி கதவைத் திறந்தது. மறுநாளும் அந்தக் கதவின் வழியே நுழையும் துணிவைக் கொடுத்தது தாய் சொன்ன விளக்கமே.

எனினும், அதே வீட்டில் மௌனமும் குடியேறியது. ஆண்டுகள் செல்லச் செல்ல இக்கதை வீட்டில் பேசப்படாமல் போயிற்று. வழக்குக்குப் பின் பிறந்த இளைய மகள், தம் பெற்றோர் நாட்டின் வரலாற்றை மாற்றியவர்கள் என்பதைக் கல்லூரியில் ஒரு நூலைப் படித்துத்தான் அறிந்தார்! தந்தை 1964இல் மறைந்தார். தாய் பெலீசித்தாஸ் 1998இல் மறைவதற்குமுன், செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றிருந்த சில்வியாவிடம், இக்கதை யாருக்கும் தெரியவில்லையே, நீ போய்ச் சொல் என்று கேட்டுக்கொண்டார். மகள் அதை ஏற்று, பள்ளி பள்ளியாகச் சென்று சொன்னார். 2011இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

வெற்றி பெற்ற குடும்பத்திலேயே கதை மறைந்துபோகக்கூடும் என்றால், சொல்ல வெட்கப்படும் துன்பங்களைச் சுமந்த குடும்பங்களில் எத்தனை கதைகள் மண்ணுக்குள் போயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோல்வியையும் சொல்ல வேண்டும்

‘வெற்றிக் கதையைச் சொல்லலாம்; துயரக் கதையைச் சொல்லிப் பிள்ளையை ஏன் கலங்கச் செய்ய வேண்டும்?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். இதற்கு எமரி பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர்கள் மார்ஷல் டியூக், ராபின் பிவுஷ் ஆகியோரின் ஆய்வு வழிகாட்டுகிறது. அவ்வாய்வு லத்தீனோக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. பாட்டனார் எங்கே வளர்ந்தார், பெற்றோர் எப்படிச் சந்தித்தனர், உனக்கு இப்பெயர் ஏன் வந்தது, குடும்பத்தில் நேர்ந்த துயரம் எது என்பன போன்ற 20 கேள்விகளை அவர்கள் பிள்ளைகளிடம் கேட்டனர். குடும்ப வரலாற்றை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்வு தம் கையில் உள்ளது என்னும் எண்ணமும் மிகுந்திருந்தன. விடைகளை மனப்பாடம் செய்வதால் இப்பயன் வந்துவிடாது என்றும், கூடி அமர்ந்து பேசும் பழக்கமே முக்கியம் என்றும் அவர்கள் தெளிவுபடுத்தினர்.

டியூக் குடும்பக் கதைகளை மூவகையாகப் பிரித்தார். ஒன்றுமில்லாமல் தொடங்கி உயர்ந்தோம் என்பது ஒருவகை. எல்லாம் இருந்தது, இழந்தோம் என்பது இன்னொரு வகை. ஏறினோம், வீழ்ந்தோம், மீண்டும் எழுந்தோம், எந்நிலையிலும் ஒன்றாக இருந்தோம் என்பது மூன்றாவது. பிள்ளைகளுக்கு மிகுந்த வலுவூட்டுவது இந்த மூன்றாம் வகையே. காரணம் விளங்காததன்று. வெற்றியை மட்டும் கேட்டு வளர்ந்த பெண், தன் முதல் தோல்வியில் தான் மட்டுமே இக்குடும்பத்தில் தோற்றவள் என்று எண்ணுவாள். பாட்டியும் வீழ்ந்து எழுந்தவர் என்று அறிந்த பெண்ணுக்கு வீழ்ச்சி முடிவாகத் தோன்றாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் லத்தீனோ நீதிபதியான சோனியா சோட்டோமயோர், 2013இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் இதை மறைக்காமல் எழுதினார். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர் அவர். தந்தை குடிப்பழக்கத்துக்கு அடிமை. மகளுக்கு ஒன்பது வயதானபோது மறைந்தார். ஏழு வயதிலேயே நீரிழிவு கண்டறியப்பட்டு, தனக்குத் தானே ஊசி போடக் கற்றுக்கொண்டார் அச்சிறுமி. செவிலியராகப் பணிபுரிந்த தாய் செலீனா கடுமையாக உழைத்தார். பிள்ளைகளுக்குக் கலைக்களஞ்சியத் தொகுதிகள் வாங்கித் தந்தார். ஆனால், மகளிடம் வெளிப்படையாகப் பாசம் காட்டவில்லை. அத்தாயும் சிறுவயதில் பெற்றோரின் அரவணைப்பை இழந்தவர் என்னும் கதையை அறிந்தபோது, அந்தக் குறையின் வேர் மகளுக்குப் புரிந்தது. பெற்றோரின் குறைகளைக் கதையாக அறிந்த மகள் அவர்களை வெறுக்கவில்லை; மன்னிக்கக் கற்றாள்.

எல்லாக் கதையும் வலிமை தருவதில்லை

லத்தீனோ மரபைக் குறையற்றதாகக் காட்டுவது நம் நோக்கமன்று. அங்கும் பெண்ணை அடக்கும் கதைகள் உண்டு. ‘அகுவந்தார்’ என்னும் சொல்லுக்குப் ‘பொறுத்துக்கொள்’ என்பது பொருள். பாட்டி பொறுத்தாள், தாய் பொறுத்தாள், நீயும் பொறுத்துக்கொள் என்று முடியும் கதை, அநீதியை மரபுச் சொத்தாக்கிவிடுகிறது. நீர்நிலையோரம் அழுதலையும் ‘லா யொரோனா’ என்னும் பேய்ப்பெண்ணின் கதையும் அத்தகையதே. தன் பிள்ளைகளைத் தானே நீரில் மூழ்கடித்தவள் அவள் என்று கூறி, இருட்டிய பின் வெளியே போகாதே என்று பிள்ளைகளை அச்சுறுத்துவர்.

டெக்சாஸைச் சேர்ந்த எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா, 1995இல் வெளிவந்த தம் சிறுவர் நூலில் இக்கதையை மாற்றிச் சொன்னார். நோயுற்ற தாய்க்கு மூலிகை தேடிக் காட்டில் வழிதவறிய சிறுமிக்கு, அதே அழும் பெண் மூலிகையைக் காட்டி வழிகாட்டுகிறாள். பழங்கதையை அவர் தூக்கி எறியவில்லை. அச்சத்தைத் துணையாக மாற்றினார். சொல்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்பதை இது நினைவூட்டுகிறது. பாட்டி பொறுத்துக்கொண்டாள் என்பது உண்மையானால் அதைச் சொல்லத்தான் வேண்டும். கூடவே, அவள் அப்படிப் பொறுத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. ‘உனக்காகவே இத்தனை துன்பமும் பட்டோம்’ என்று முடியும் கதை மகளின் தலையில் கடனாக ஏறுகிறது. குடியேறிய குடும்பங்களில் பிள்ளைகளே மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் பெற்றோருக்கு மொழிபெயர்த்து நிற்பது வழக்கம். அச்சுமை பெரும்பாலும் மூத்த மகள்மீதே விழுகிறது. ஏற்கெனவே சுமப்பவள் மீது குற்ற உணர்வையும் ஏற்றலாகாது. ‘நாங்கள் இவ்வழியே வந்தோம், இன்ன இடத்தில் தடுக்கி விழுந்தோம், இனி உன் வழியை நீ தெரிந்தெடு’ என்று சொல்லி முடிப்பதே அவளை வலிமையாக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

இதற்குச் செலவேதும் இல்லை. வாரத்தில் ஒரு வேளையேனும் உணவுக்குப்பின் கைப்பேசிகளை ஒதுக்கிவிட்டுப் பேசுவோம். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே அவரைப் பேசச் செய்வோம். கேள்விகளை மகளே கேட்கட்டும். வயதுக்கு ஏற்ற அளவில் சொல்வோம். ஆனால் பொய்யாக அழகுபடுத்த வேண்டாம். பாட்டியை நல்லவர், பொறுமைசாலி என்று புகழ்ந்து நிறுத்திவிடாமல், அவர் எடுத்த ஒரு முடிவையும், அதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்வோம். தந்தையரும் சொல்ல வேண்டும்: தம் தாயும் சகோதரிகளும் இழந்தவை எவை என்பதைத் தந்தையின் வாயால் கேட்கும் மகள், தன் உரிமை இவ்வீட்டில் மதிக்கப்படும் என்று அறிகிறாள். மகன்களையும் எழுந்து போகவிடாமல் உடன் அமர்த்துவோம்.

குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் காலத்தில் ஸ்பானிய மொழி வீடுகளில் தேய்ந்துபோவதை லத்தீனோப் பெற்றோர் கண்கூடாகக் காண்கின்றனர். மொழி போனால் பாட்டியின் கதையும் அவருடனே போய்விடும் என்பதால், சொல்வதை அவர்கள் அவசரப் பணியாகக் கருதுகின்றனர். அந்த அவசரம் எல்லாப் பெற்றோருக்கும் பொருந்தும். மெந்தெஸ் குடும்பத்தின் இளைய மகளுக்காவது பெற்றோரின் கதையைச் சொல்ல ஒரு நூல் இருந்தது. நம்மில் பெரும்பாலோரின் உம்மம்மாவைப் பற்றி எந்த நூலிலும் ஒரு வரி இல்லை. நம் மகள் அதை அறிய நம் நாவைத் தவிர வேறு வழியில்லை.